எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்கலாமா? பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் பலமும் ஓட்டையும்

"பெற்றோரைக் கவனிக்காத மகனுக்கு எழுதிய செட்டில்மென்ட் ரத்து" என்று ஒரு நாள் செய்தி வருகிறது. சில வாரம் கழித்து, "நிபந்தனை இல்லாததால் தாயின் மனு தள்ளுபடி" என்று இன்னொரு செய்தி. செட்டில்மென்ட் என்பது குடும்பத்துக்குள் பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம். இரண்டும் ஒரே சட்டத்தின் ஒரே பிரிவில் வந்த தீர்ப்புகள். படிக்கிறவருக்குக் குழப்பம் வராமல் இருந்தால்தான் வியப்பு. முதல் செய்தியை மட்டும் படித்தவர், "எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்" என்று நம்பி, இருக்கிற ஒரே வீட்டையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். இந்த நம்பிக்கை ஆபத்தானது. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## சட்டம் யாருக்கு, யார் மீது

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 என்பது மத்தியச் சட்டம். எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை ஒவ்வொரு மாநில அரசும் தனித்தனியாக அறிவித்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2009-ல் வந்தன. முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

1. மூத்த குடிமகன்: 60 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள்.
2. பெற்றோர்: பெற்றவர், தத்தெடுத்தவர், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை எல்லோரும் அடக்கம். பராமரிப்புத் தொகை கேட்கப் பெற்றோருக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டியதில்லை.
3. பிள்ளைகள்: வயதுவந்த மகன், மகள், பேரன், பேத்தி. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்பதால் பொறுப்பு நீங்காது. மருமகனும் மருமகளும் இந்த வரையறையில் இல்லை.
4. உறவினர்: பிள்ளையில்லாத முதியவரின் சொத்தை இப்போது வைத்திருக்கும், அல்லது அவருக்குப் பின் அடையப்போகும் வாரிசு. சொத்து அவருக்கு வருமென்றால் சோறு போடும் கடமையும் அவருக்கு வரும்.
5. பராமரிப்பு: உணவு, உடை, உறைவிடம், மருத்துவம்.

சொந்த வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாதவர்தான் பராமரிப்புத் தொகை கேட்கலாம். போதுமான ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு இந்த வழி பெரிதாக உதவாது. ஆனால் சொத்தைத் திரும்பக் கேட்பது தனி வழி, அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

## மாதப் பணம்

மாநில அரசு நிர்ணயிக்கும் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 9-ஆம் பிரிவு சொல்கிறது. 2007-ல் எழுதப்பட்ட இந்தத் தொகை இன்றும் அப்படியே நிற்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் என்று மூன்றுக்கும் மருந்து வாங்குகிறவர் வாடகையும் கொடுக்க வேண்டியிருந்தால், இந்தப் பணம் மாதக் கடைசிவரை வராது. வரம்பை நீக்கவும், மருமகன், மருமகளைப் பொறுப்பில் சேர்க்கவும், 80 வயது தாண்டியவர்களின் மனுக்களை 60 நாளில் முடிக்கவும் ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. அது நிறைவேறாமலேயே அந்த மக்களவையின் காலம் முடிந்தது.

மாதப் பணம் பெற இன்னொரு பாதையும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. அதன்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். அங்கே 10,000 என்ற வரம்பு கிடையாது. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வேகமும் எளிமையும் வேண்டுமென்றால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் நடத்தும் தீர்ப்பாயம். பிள்ளைக்கு நல்ல சம்பளம், தேவையும் பெரிது என்றால் நீதிமன்றம்.

## 23-ஆம் பிரிவு: எல்லாம் தொங்கும் கொக்கி

செய்திகளில் வரும் "செட்டில்மென்ட் ரத்து" இந்தப் பிரிவில்தான் நடக்கிறது. அதன் சாரம் இது: இந்தச் சட்டம் வந்த பிறகு, ஒரு மூத்த குடிமகன், தனக்கு அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, தானமாகவோ வேறு வகையிலோ சொத்தை மாற்றிக் கொடுக்கிறார். சொத்தை எழுதிப் பெற்றவர் அதைச் செய்ய மறுக்கிறார் அல்லது தவறுகிறார். அப்போது அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகக் கருதப்படும். எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

இந்த ஒரு வாக்கியத்தில் நான்கு வடிகட்டிகள் இருக்கின்றன.

முதலாவது தேதி. 1998-ல் எழுதிய பத்திரத்துக்கு 23-ஆம் பிரிவு பொருந்தாது. இரண்டாவது வயது. பிரிவு பேசுவது மூத்த குடிமகனைப் பற்றி. 57 வயதில், மகனுக்கு வங்கிக் கடன் கிடைக்கட்டும் என்று வீட்டை எழுதிக் கொடுத்த தகப்பனாருக்கு இங்கே வாதச் சிக்கல் வரும். மூன்றாவது தவறுகை. சண்டை, பேச்சுவார்த்தை இல்லாதது, மரியாதைக் குறைவு எல்லாம் வேதனைதான். ஆனால் பிரிவு பார்ப்பது சோறு, இடம், மருந்து கிடைத்ததா என்பதை.

நான்காவது நிபந்தனை. வழக்குகள் பெரும்பாலும் உடைவது இங்கேதான்.

## பத்திரத்தில் இருக்கும் அந்த வரி

தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் சொத்து மாறுவது பெரும்பாலும் செட்டில்மென்ட் பத்திரம் வழியாகத்தான். காரணம் செலவு. நெருங்கிய குடும்ப உறவுகளுக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த உச்சவரம்பு 25,000-லிருந்து 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டண உச்சவரம்பு 4,000-லிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்தன. அப்படியும் கிரயப் பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். அதனால் பத்திர எழுத்தரிடம் போய், "பையன் பேருக்கு எழுதணும்" என்றால் ஒரு வாடிக்கையான வாசகம் தயாராக இருக்கும்:

"உன் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் இந்தச் சொத்தை உனக்கு எழுதி வைத்து, இன்றே சுவாதீனமும் ஒப்படைத்துவிட்டேன். இனி நீயே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதை எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது."

இதைத் துண்டு துண்டாகப் பாருங்கள். "இன்றே சுவாதீனம்" என்றால், நேற்றுவரை சொந்த வீட்டில் இருந்தவர் இன்று மகன் வீட்டில் தங்குகிறவர். "தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்றால், மகன் அதை நாளையே விற்கலாம், அடமானம் வைக்கலாம். "ரத்து செய்ய அதிகாரம் கிடையாது" என்ற வரியை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே தீர்ப்பாயத்தின் மேசையில் வைப்பார். எழுதிக் கொடுத்தவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதற்கு முழுப் பத்திரத்திலும் ஒரு சொல் இல்லை. கையெழுத்துப் போடும் நாளில் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். "என்னைப் பார்த்துக்கொள்" என்று எழுதச் சொல்வது மகனைச் சந்தேகிப்பது போலத் தோன்றும். அந்தக் கூச்சத்தில்தான் வரி விட்டுப்போகிறது.

எழுத வேண்டிய வரி இப்படி இருக்கலாம்:

"எழுதிக் கொடுப்பவரின் ஆயுள் வரை அவருக்கு உணவு, உடை, இந்த வீட்டில் உறைவிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றை எழுதிப் பெறுபவர் அளித்துவர வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே இந்தச் சொத்து மாற்றப்படுகிறது. தவறினால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி இந்த மாற்றத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோர எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டு."

இதோடு ஆயுட்கால அனுபவ உரிமையையும் வைத்துக்கொள்வது நல்லது. கணவன், மனைவி இருவரும் உயிரோடு இருந்தால், "எங்கள் இருவரில் பிந்தியவரின் ஆயுள் வரை" என்று எழுத வேண்டும். அப்பா பெயரில் மட்டும் உரிமை வைத்து, அவர் காலமான பிறகு அம்மா வெளியே நிற்கும் நிலை இந்தச் சின்ன விடுபடலால் வருகிறது.

நிபந்தனை வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. பதிவான பத்திரத்தில் அது இருந்தால், சொத்தை வாங்க வருகிறவரும் கடன் கொடுக்கும் வங்கியும் படித்துத்தான் ஆக வேண்டும். சொத்திலிருந்து பராமரிப்புப் பெறும் உரிமை ஒருவருக்கு இருந்தால், அந்த உரிமை தெரிந்து வாங்கியவரையும் இலவசமாகப் பெற்றவரையும் அது கட்டுப்படுத்தும் என்று 23-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரை அது தொடாது.

இவ்வளவு யோசனை தேவையே இல்லாத வழி உயில். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். உடனடியாகப் பெயர் மாற்றியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லாத குடும்பத்துக்கு உயில்தான் பாதுகாப்பு.

## தீர்ப்புகள் ஏன் முரண்படுவதுபோல் தெரிகின்றன

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 23-ஆம் பிரிவை இறுக்கமாகப் படித்தது. பிள்ளைகளுக்குச் சொத்துக் கொடுக்கும்போது பதிலுக்குப் பராமரிப்பு வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே ஒட்டிக்கொள்ளாது; பாசத்தில், எதையும் எதிர்பார்க்காமல் கொடுப்பதும் உண்டு; எனவே நிபந்தனை இருந்ததை மனுதாரர் நிரூபிக்க வேண்டும் என்றது.

2025 ஜனவரி 2-ல் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தானப் பத்திரத்தை ரத்து செய்தது சரி என்றதோடு, வீட்டின் சுவாதீனத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடவும் தீர்ப்பாயங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. சட்டம் முதியோர் நலனுக்கானது, அதைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்பது அதன் அணுகுமுறை. ஆனால் அந்த வழக்கில் மகன் தாயைக் கவனித்துக்கொள்வது பற்றிய பேச்சு பத்திரத்திலேயே இருந்தது. தவறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற உறுதிமொழித் தாள் ஒன்றும் தனியாக இருந்தது. தலைப்புச் செய்தியில் இந்த விவரம் காணாமல் போய்விடுகிறது.

2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து வந்த வழக்கில் ஒரு படி மேலே போனது. "அன்பினாலும் பிரியத்தினாலும்" எழுதிக் கொடுத்தால் அந்த அன்பே மறைமுக நிபந்தனை, அதை வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டிய அவசியமில்லை என்றது. தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இது பெரிய துணை. ஆனாலும் 2022-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இது: வரி எழுதியிருந்தால் நிலை உறுதி. எழுதாவிட்டால் சாட்சியத்தையும், எந்தத் தீர்ப்பை அதிகாரி பின்பற்றுகிறார் என்பதையும் பொறுத்தது.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கே தீர்த்துவிடலாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ஒருதலையாக "ரத்துப் பத்திரம்" பதிவுசெய்து வீட்டைத் திரும்பப் பெற முடியாது. கொடுத்தவர் நினைத்த மாத்திரத்தில் தானத்தை ரத்து செய்ய முடியாது என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. அப்படிப்பட்ட ஒருதலை ரத்தைப் பதிவாளர் ஏற்கக் கூடாது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் சொன்னது.

## மனு: எங்கே, எப்படி

தீர்ப்பாயம் என்பது தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., அல்லது சார் ஆட்சியர். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். பெற்றோர் வசிக்கும் இடம், கடைசியாக வசித்த இடம், பிள்ளை வசிக்கும் இடம், இவற்றில் எங்கு வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். நடக்க முடியாதவருக்காக அவர் அதிகாரம் அளித்த ஒருவரோ தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். தகவல் கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

1. மனுவில் இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனியாக எழுதுங்கள்: 23-ஆம் பிரிவில் பத்திரம் செல்லாது என அறிவிப்பது, சுவாதீனத்தை ஒப்படைப்பது. பணமும் தேவையென்றால் மாதத் தொகை, மனு முடியும்வரை இடைக்காலத் தொகை.
2. நிபந்தனை பத்திரத்தில் இல்லையென்றால், அது எப்படி இருந்தது என்பதை மனுவிலேயே சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த நாளில் பேசியது, உடனிருந்தவர்கள், இருப்பது அந்த ஒரு சொத்துதான் என்ற உண்மை, அதன் பிறகும் நீங்கள் அங்கேயே குடியிருந்தது. மனுவில் சொல்லாததை விசாரணையில் புதிதாகச் சொன்னால் எடுபடாது.
3. இணைக்க வேண்டியவை: வயதுச் சான்று, பத்திர நகல், வில்லங்கச் சான்று, பட்டா, வங்கிப் புத்தகம், நீங்களே கட்டிய மருத்துவ ரசீதுகள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அதன் சி.எஸ்.ஆர். ரசீது.
4. எல்லாப் பிள்ளைகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது நல்லது. ஒருவரை மட்டும் சேர்த்தால், அவர் மற்றவர்களையும் சேர்க்கக் கோரலாம். அதில் ஒரு மாதம் போய்விடும்.

தீர்ப்பாயம் முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். பராமரிப்பு மனுவை எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், விதிவிலக்காக இன்னும் 30 நாள். ஆனால் நிலப் பிரச்சினை, சாதிச் சான்று மேல்முறையீடு, சட்டம் ஒழுங்கு, தேர்தல் எல்லாவற்றையும் சுமக்கும் அதே அதிகாரியின் மேசையில்தான் இந்த மனுவும் காத்திருக்கிறது. தேதி தள்ளிப்போவதற்கு அவருடைய மனமின்மையைவிட இதுதான் பெரிய காரணம்.

உத்தரவு கையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த உத்தரவைப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் வில்லங்கச் சான்றில் மகன் பெயரே தொடரும். அதைக் காட்டி அவர் விற்கவும் கூடும். பட்டாவையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் மாற்ற வேண்டும். மாதப் பணம் நின்றுபோனால் பாக்கி விழுந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். கட்டாமல் இருக்கும் பிள்ளைக்கு ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் கட்டினால் கட்டும் வரை, சிறை உண்டு.

மேல்முறையீட்டுக்கு 60 நாள். சட்டத்தின் வாசகத்தில் அந்த உரிமை பெற்றோருக்கும் முதியோருக்கும் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகளுக்கும் உண்டா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று மாறாகச் சொல்லியிருக்கின்றன. எப்படியும் பிள்ளைகள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வழக்கு வருடக்கணக்கில் நீள்வது அந்தக் கட்டத்தில்தான்.

## மருமகள் குடியிருக்கும் வீடு

மகன் பிரிந்து போய்விட்டான், மருமகள் குழந்தைகளோடு அந்த வீட்டில் இருக்கிறாள் என்றால் கதை வேறு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 அவளுக்குப் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. முதியோர் சட்டத்தின் சுருக்க விசாரணையால் அந்த உரிமையை அடித்துவிட முடியாது, இரண்டு சட்டங்களையும் இணைத்துப் பார்க்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கு ஒன்றில் சொன்னது. மகனே பின்னாலிருந்து பெற்றோரை மனு போடவைத்து மனைவியை வெளியேற்றப் பார்க்கும் தந்திரத்துக்கு இது தடை. சரியான தடைதான்.

## சட்டத்தை எங்கே மாற்ற வேண்டும்

10,000 ரூபாய் வரம்பு போக வேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. பிள்ளையின் வருமானமும் பெற்றோரின் தேவையும்தான் அளவுகோலாக இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு முழுநேரத் தீர்ப்பாய அதிகாரியும் வேண்டும்.

வசூலுக்கு அஸ்ஸாம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2017-ல் அங்கே வந்த சட்டம், பெற்றோரைக் கைவிடும் அரசு ஊழியரின் சம்பளத்தில் 10 சதவீதம் வரை பிடித்துப் பெற்றோருக்கே கொடுக்க வழி செய்தது. மாதாமாதம் மகனிடம் கை நீட்டும் அவமானமும் வசூல் மனுவும் இதில் இல்லை. தனியார் நிறுவனச் சம்பளத்துக்கும் இதை விரிக்கலாம்.

நியாயம் இரு பக்கமும் இருக்க வேண்டும். சிறு வயதில் அடித்துத் துரத்திய, குடும்பத்தையே விட்டுப்போன தகப்பனுக்கு அந்தப் பிள்ளை கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டுமா? நம் சட்டம் இந்தக் கேள்வியை வெளிப்படையாகத் தொடவில்லை. சிங்கப்பூரின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995-லிருந்து இருக்கிறது. பிள்ளையைக் கொடுமை செய்த, கைவிட்ட பெற்றோர் முதலில் தீர்ப்பாயத்தின் அனுமதி பெற்ற பிறகே மனு போடலாம் என்று 2023-ல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் இங்கேயும் தேவை.

எல்லாவற்றையும்விட அவசரமானது 23-ஆம் பிரிவின் நிபந்தனையைத் தலைகீழாக்குவது. 60 வயது தாண்டியவர் பணம் வாங்காமல் பிள்ளைக்கோ பேரனுக்கோ எழுதிக் கொடுக்கும் எந்தப் பத்திரமும் பராமரிப்பு நிபந்தனைக்கு உட்பட்டது என்று சட்டமே அனுமானிக்க வேண்டும். நிபந்தனை வேண்டாம் என்பவர், அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று தனியாக எழுதிக் கையெழுத்திடட்டும். அந்தக் கையெழுத்துக்கு முன், எழுதிப் பெறுகிறவர் அறைக்கு வெளியே இருக்க, சார்பதிவாளர் முதியவரிடம் மூன்று கேள்வி கேட்டுப் பதிலைப் பத்திரத்தின் பின்பக்கத்தில் குறிக்க வேண்டும்: இது தவிர உங்களுக்கு வேறு வீடு இருக்கிறதா? இனி எங்கே குடியிருப்பீர்கள்? கவனிக்காவிட்டால் திரும்பப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது தெரியுமா? பத்திரத்துக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். இதற்குப் புதிய அலுவலகமோ புதிய பதவியோ தேவையில்லை.